தொடாதீர்கள்

சுற்றி நிற்கும் மாடி வீடுகளைத் தாண்டிப் பத்து மணிக்குத்தான் மேகலாவின் பழைய பண்ணை வீட்டுச் சுவரில் வெயில் விழுகிறது. அந்தச் சுண்ணாம்புச் சுவரை நகர் நலச்சங்கச் செயலாளர் ஆல்வின் தடவித் தடவிப் பார்க்கிறார். பாம்பு அடைகிறது, இடித்துத் தள்ளுங்கள் என்று போன வருஷம் மனு எழுதிய அதே கை. "நூத்தம்பது வருஷம் மேடம்! நம்ம நகருக்கே பெருமை" என்கிறார். 'பாரம்பரிய வீடு. சுவரைத் தொடாதீர்கள்' என்று சங்கத்தின் பித்தளைப் பலகை மின்னுகிறது. அதை மாட்ட நீள ஆணியை வைத்து ஓங்கி அடிக்கிறார். காரை பொலபொலவென்று அவருடைய ஆம்பூர் ஷூவின்மேல் உதிர்கிறது. விரிசல் ஜன்னல்வரை ஓடுகிறது. அவர் குனிந்து ஷூவைத் துடைக்கிறார். "ஒண்ணும் தெரியாது மேடம், போர்டு மறைச்சிடும்."

மேகலா விரிசலைப் பார்க்கிறாள், பலகையைப் பார்க்கிறாள்.

"இது பத்தாது சார். வூட்டு அளவுக்கே ஒரு போர்டு செஞ்சி எடுத்துனு வாங்க."