ஒரு கட்டை கீழே

“வயலின் எல்லாம் மேல போனா கீச்சுன்னு கேக்குது. கடைசிப் பாட்டைச் சுருதியில ஒரு கட்டை இறக்கிடலாம். வேகத்தையும் குறைச்சுக்கலாம்” என்றார் வாத்தியக் குழுவை நடத்துகிற மாஸ்டர்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் முப்பத்தெட்டு வாத்தியக்காரர்கள் இருந்தார்கள். எல்லோரும் முதல் வயலின்காரரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

“சரி மாஸ்டர்” என்றார் அவர்.

செல்லோ வரிசையில் உட்கார்ந்திருந்த அவர் மனைவிக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. பத்தொன்பது வருஷமாக இந்தக் குழுவில் வாசிக்கிற மனுஷர். அவர் வயலின் கீச்சிட்டதாக அவருக்கு ஆகாதவர்கள்கூடச் சொன்னதில்லை.

நாலு வருஷம் மேடையில் ஓடிய இசை நாடகம் அது. இப்போதுதான் பாட்டுகளைப் பதிவு செய்கிறார்கள். கடைசிப் பாட்டுதான் நாடகத்துக்கே உயிர். கதாநாயகி வாசல் கதவைத் திறந்துவிட்டு, இனி யாருக்காகவும் காத்திருக்கப் போவதில்லை என்று பாடுவாள். துள்ளி ஓடுகிற பாட்டு. உச்சியில் ஒரு நீண்ட ஸ்வரம் வரும். அந்த இடத்தில் கைதட்டல் கூரையைப் பிய்க்கும்.

அதைப் போய் இறக்கி, மெதுவாக்கி வாசிக்க இது என்ன இரங்கல் கூட்டமா என்று பின்வரிசை டிரம்பெட்காரர் பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார்.

கதாநாயகியாகப் பாடுகிற அம்மாளுக்கு ஐம்பத்து மூன்று வயது. நேரில் அக்கா, முதுகுக்குப் பின்னால் மகாராணி. அவர் கண்ணாடி அறைக்குள் மைக் முன்னால் நின்றிருந்தார்.

“நாலு வருஷமா நான் எட்டிப் பிடிச்ச இடம் அது. யாரோ ஒருத்தருக்கு வாசிக்கத் தெரியலைன்னா அதுக்கு நான் கீழ இறங்கணுமா?”

மைக்கில் சொன்னதால் முப்பத்தெட்டு பேர் காதிலும் தெளிவாக விழுந்தது. மைக் நன்றாக வேலை செய்கிறது என்று ஒலிப்பதிவாளர் குறித்துக்கொண்டார்.

“மன்னிச்சுக்குங்க அக்கா” என்றார் முதல் வயலின்காரர்.

டீ இடைவேளையில் மனைவி அவரை நடைபாதைக்குத் தள்ளிக்கொண்டு போனாள். வாய்க்குப் பூட்டு போட்டுக்கொண்டு வந்தீர்களா என்று கேட்டாள். பத்தொன்பது வருஷப் பெயர் பத்து நிமிஷத்தில் போய்விட்டதே என்றாள். டீ ஆறுகிறது என்றார் அவர்.

“விடு. ஒரு கட்டைதானே.”

“இன்னைக்கு ஒரு கட்டை. நாளைக்கு உங்களை நாற்காலியோட இறக்குவாங்க.”

அவர் கொஞ்சம் யோசித்தார். இன்னொரு பிஸ்கட் வேண்டுமா என்று கேட்டார்.

கட்டினவருக்கு இல்லாத ரோஷத்தைத் தானாவது காட்ட வேண்டும் என்று அவள் நேரே மாஸ்டர் அறைக்குப் போனாள்.

“எங்க வீட்டுக்காரர் வயலின் கீச்சிடுதா மாஸ்டர்? மனசைத் தொட்டுச் சொல்லுங்க.”

மாஸ்டர் எழுந்து கதவைச் சாத்தினார். “இல்லை.”

“அப்புறம் ஏன் அத்தனை பேர் முன்னால அப்படிச் சொன்னீங்க?”

“சொல்லச் சொன்னதே அவர்தாம்மா.”

அவள் உட்கார்ந்தாள்.

போன திங்கட்கிழமை ஒத்திகை முடிந்து எல்லோரும் கிளம்பிய பிறகு, விட்டுப்போன குடையை எடுக்க முதல் வயலின்காரர் திரும்பி வந்திருக்கிறார். பாடகி காலி அரங்கில் தனியாக நின்று அந்த உச்சி ஸ்வரத்தைப் பாடிப் பார்த்துக்கொண்டிருந்தாராம். மூன்று தடவை குரல் உடைந்தது. நாலாவது தடவை வெறும் காற்றுதான் வந்தது. அப்புறம் மேடை ஓரத்தில் உட்கார்ந்து செருப்பை மாட்டிக்கொள்ள ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டாராம். இவர் குடையை எடுக்காமலே போய்விட்டார்.

தயாரிப்பாளர் ஏற்கெனவே இருபத்தாறு வயதுப் பாடகி ஒருத்தியிடம் பேசி வைத்திருந்தார். அக்காவுக்கு எட்டவில்லை என்று ஒரு வார்த்தை அவர் காதுக்குப் போனால் போதும். பதிவில் வேறு குரல்தான் நிற்கும்.

“அவங்களுக்காக இறக்குறோம்னு சொன்னா, அவங்களே மைக்கைக் கழட்டி வெச்சுட்டுப் போயிடுவாங்க. பழியை வயலின் மேல போடுங்க மாஸ்டர், அது தாங்கும்னார். எல்லாரோட நோட்ஸ் தாளையும் புதுச் சுருதிக்கு மாத்தி எழுதிட்டு வந்ததும் அவர்தான். வீட்டுல பார்த்திருப்பியேம்மா.”

அவள் பார்க்கவில்லை. மூன்று நாளாகப் பல்வலி என்று அறைக்குள் அடைந்து கிடந்தார். இவளும் மெல்லாமல் விழுங்குகிற மாதிரி சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.

பதிவு தொடங்கியதற்கான சிவப்பு விளக்கு எரிந்தது. பாட்டு ஒரு கட்டை கீழே, நிதானமாகக் கிளம்பியது. வேகமாகப் பாடியபோது அது கோபத்தில் கதவைத் திறக்கிற பெண்ணின் பாட்டாக இருந்தது. இப்போது, எல்லாவற்றையும் யோசித்துப் பார்த்துவிட்டுத் திறக்கிறவளின் பாட்டாகிவிட்டது. உச்சி ஸ்வரம் உடையாமல் வந்தது. வந்து நின்றது. டிரம்பெட்காரர் மூக்கை உறிஞ்சினார். நல்லவேளை, அதற்குள் விளக்கு அணைந்திருந்தது.

இன்னொரு தடவை தேவையில்லை என்று தயாரிப்பாளரே சொல்லிவிட்டார்.

பாடகி கண்ணாடி அறையை விட்டு வெளியே வந்தார். முகமெல்லாம் வெளிச்சமாக இருந்தது. நேரே செல்லோ வரிசைக்கு வந்தார்.

“தப்பா நினைச்சுக்காதேம்மா. உன் வீட்டுக்காரர் வீட்டுலயும் இப்படித்தான் கீச்சிடுவாரா?”

முதல் வயலின்காரர் தலையை நிமிர்த்தாமல் வில்லைத் துடைத்துக்கொண்டிருந்தார். மனைவி அவரை ஒரு முறை பார்த்தாள்.

“அதை ஏன் கேக்குறீங்க அக்கா. காதுல பஞ்சை வெச்சுக்கிட்டுத்தான் குடும்பமே நடத்துறேன்” என்றாள்.