சங்கு ஊதினதும் வரும் பூ

"பழைய ஆப்பே இருக்கட்டும்மா," என்று மறுபடியும் சொன்னார் அமிர்தவள்ளி டீச்சர்.

அம்பிகாவுக்கு எரிச்சலாக வந்தது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் டேப்லெட்டில் படிக்க எந்த ஆப் நல்லது என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பை ஹெச்.எம். சுகரா பேகம் அவளிடம்தான் கொடுத்திருந்தார். நாலைந்தை இறக்கி, பிள்ளைகள் கையிலேயே கொடுத்துப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தாள். கணக்கு தப்பானால் எங்கே தப்பு என்று படம் போட்டுக் காட்டும். நெட் இல்லாமலும் ஓடும்.

"பழசுல இன்னா டீச்சர் இருக்கு? பாடம் முடிச்சா அம்மா போனுக்கு மெசேஜ் போவும். அவங்க ஒரு பூ அனுப்புவாங்க. அவ்ளோதானே?"

"அந்தப் பூவுக்காகத்தாம்மா சிலது படிக்குதுங்க."

"ஆப் கம்பெனிக்காரர் உங்களுக்குச் சொந்தமா டீச்சர்?"

ஸ்டாஃப் ரூமே சிரித்தது. அமிர்தவள்ளி டீச்சர் தலையைக் குனிந்துகொண்டார்.

சாயங்கால வகுப்பில் அவர் போனும் கையுமாக இருக்கிறார் என்று வேறு பேச்சு. அதையும் பார்த்துவிடலாம் என்று அம்பிகா ஜன்னலோரம் போய் நின்றாள்.

பக்கத்து ஷூ கம்பெனியில் வேலை முடியும் சங்கு ஊதியது. டீச்சர் பையிலிருந்து ஒரு போனை எடுத்தார். விரிசல் விட்ட பழைய போன். அவருடையது இல்லை. எதையோ தொட்டார்.

முன்வரிசையில் உமைமாவின் டேப்லெட்டில் ஒரு பூ விரிந்தது.

"டீச்சர்! அம்மா பூ போட்டுட்டாங்க!" என்று கத்தினாள் குழந்தை.

அது குழந்தையின் அம்மாவுடைய போன் என்று அம்பிகாவுக்குப் புரிந்தது.

உமைமாவின் அம்மா வஹீதா அந்தக் கம்பெனியில்தான் தையல் வேலை பார்த்தாள். உள்ளே போன் கூடாது. கேட்டில் கொடுத்துவிட வேண்டும். சங்கு ஊதி வெளியே வந்து போனை வாங்கினதும் முதல் வேலையாக மகளுக்குப் பூ அனுப்புவாள். ரம்ஜானுக்கு முன்னால் கம்பெனி வேன் கவிழ்ந்தது. அன்றிலிருந்து வேலூர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடக்கிறாள்.

"புள்ளையோட அப்பாகிட்ட போனைக் கேட்டு வாங்கினேன்," என்றார் டீச்சர், வராந்தாவில். "பூ வரலன்னா புள்ள வீட்டுக்கே போக மாட்டேன்னு உக்காந்துடுச்சு. அம்மா தேறிட்டாங்க, போன் பாக்கறாங்கன்னு நம்பிக்கிட்டிருக்கு. பொய்தாம்மா. ஆண்டவன் மன்னிக்கட்டும்."

அம்பிகாவால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. பழைய ஆப்பே இருக்கட்டும் என்று நாளைக்கே ஹெச்.எம்.மிடம் சொல்லிவிட வேண்டும்.

பள்ளிக் கேட்டருகே உமைமா அவள் சேலையைப் பிடித்தாள். "மிஸ், புது ஆப் வருதாமே?"

"இல்ல கண்ணு. பழசேதான். அம்மா பூ அனுப்பணுமில்ல?"

உமைமா திரும்பி வகுப்பைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"தினமும் சங்கு ஊதினதும் கரெக்டா பூ வருது மிஸ். ஆஸ்பத்திரியில ஏது சங்கு?"

அம்பிகா அவள் உயரத்துக்குக் குனிந்தாள்.

"வள்ளி டீச்சர்கிட்ட சொல்லிடாதீங்க மிஸ். எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா, பாவம், அழுவாங்க."