புத்தகம் தப்பு

இந்தக் காலத்தில் மனுஷன் வாயால் சொன்னால் யார் நம்புகிறார்கள்? ஒரு பூச்சியின் பேரைச் சொன்னால்கூடப் புத்தகத்தைப் புரட்டிச் சரிபார்க்கிறார்கள். மலைக்கு வழிகாட்டப் போன பெரியவருக்குக் காலையிலிருந்தே அந்த எரிச்சல்.

"இந்தப் பட்டாம்பூச்சி வரியன்தானே, பெரியவரே?" என்றாள் புத்தகமும் கையுமாகப் பின்னால் வந்தவள்.

"கண்ணைத் தொறந்து பாரும்மா. உடம்புல ஒரு வரிகூட இல்ல, வரியனாம்!"

சொல்லிவிட்டுச் சட்டென்று திரும்பிப் பார்த்தார். நடந்தது இரண்டு பேர். அவர் காதில் விழுந்தது மூன்று பேரின் காலடி.

போன வருஷம் அவரோடு மலையேறிய ஒருவர் வீடு திரும்பவில்லை. பாதை பிரிகிற இடத்திலேயே அவரைக் கீழே அனுப்பிவிட்டதாகப் பெரியவர் சாதித்தார். கீழ்க்காட்டைப் பத்து நாள் சலித்தும் ஒற்றைச் செருப்புகூடக் கிடைக்கவில்லை. அன்றோடு அவர் வார்த்தைக்கு மதிப்புப் போயிற்று; வேலையும் பாதியாகக் குறைந்தது.

பாறை நிழலில் உட்கார்ந்ததும் அவள் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். பச்சைப் பொடி தூவின மாதிரி கருநீலச் சிறகு.

"இது மலை முழுக்க இருக்கும்னு புத்தகத்துல போட்டிருக்கு."

"போட்டவன் இங்க வந்து பார்த்தானா? இதோட புழு ஒரே ஒரு கொடியைத்தான் தின்னும். அந்தக் கொடி மேல, பள்ளத்து விளிம்புல மட்டும்தான் படரும். அதை விட்டுப் பத்தடி தாண்டாது இந்தப் பூச்சி."

"கீழ்க்காட்டுல?"

"தலைகீழா நின்னாலும் கிடைக்காது. எழுதி வெச்சுக்கோ."

"அப்போ புத்தகம் தப்பு?"

"தப்பு! அம்பது வருஷமா ஏறி இறங்குறவன் சொல்றேன்."

அவள் நிஜமாகவே எழுதிக்கொண்டாள். ஒரு வருஷம் கழித்துத் தன் பேச்சை ஒருத்தி அப்படியே நம்புகிறாள். பெரியவருக்கு மனசு குளிர்ந்தது.

"நல்லா எடுத்திருக்கியே. எப்ப எடுத்தே?"

"நான் எடுக்கலை. போன வருஷம் எனக்கு வந்தது. இதுக்கப்புறம் அந்த நம்பர்ல இருந்து எதுவும் வரலை."

பெரியவர் தடியை ஊன்றி எழுந்தார். "போன்ல வர்ற படத்தையெல்லாம் நம்பக் கூடாதும்மா. வெட்டி ஒட்டி என்ன வேணா பண்ணிடுறானுங்க" என்று முணுமுணுத்தபடி, வந்த வழியே விறுவிறுவென்று நடந்தார்.

முதுகுக்குப் பின்னால் அவள் குரல் நிதானமாக வந்தது.

"நீங்க இறங்குங்க பெரியவரே. நான் பள்ளத்துக்குப் போய் எங்கப்பாவைக் கூட்டிட்டு வரேன்."