பச்சை ஜீப்புக்குப் பின்னால்

ஆகஸ்டு வந்தால், பக்கத்து வீட்டு சஃபாரி வழிகாட்டி லெக்கிஷோனைக் கேட்டுக்கொண்டுதான் வில்டபீஸ்ட் மான் மந்தைகள் எங்கள் கென்யாவின் மாரா ஆற்றைக் கடக்கும். இது அவரே ஊரில் பரப்பிய செய்தி.

விளைவு, அவருடைய பச்சை ஜீப் கிளம்பினால் பயணிகளோடு ஐம்பது வண்டிகள் பின்தொடரும். கூட்டத்தைப் பார்த்து மந்தை திரும்பிவிடும். இரண்டு வருடமாக ஏமாந்த ஜெர்மானியத் தம்பதி இம்முறை கறாராகச் சொல்லிவிட்டார்கள்: "இந்தத் தடவையும் பார்க்கலைன்னா வேற வழிகாட்டிதான்."

"நாளைக்கு ஆத்துல எந்தத் துறைக்கு, அண்ணே?" என்று வேலியோரம் கேட்டேன்.

"உங்கிட்ட சொன்னா ரேடியோவுல சொன்ன மாதிரி. போ தங்கச்சி!"

மறுநாள் பச்சை ஜீப் மேற்குத் துறைக்குப் போனது. ஐம்பது வண்டிகளும் போயின. பத்து மணிக்கு மொத்த மந்தையும் யாரையும் சட்டை செய்யாமல் அங்கேயே ஆற்றில் குதித்தது.

"லெக்கிஷோன்னா சும்மாவா!" என்று கடைத்தெருவே கொண்டாடியது.

மாலையில் லெக்கிஷோன் ஓர் இரவல் வண்டியில் வந்து இறங்கினார். பின்னால் ஜெர்மானியர்கள், முகமெல்லாம் புழுதி.

"கிழக்குத் துறையில ஒரு கொக்குகூட வரலை," என்றார்.

"உங்க ஜீப் மேற்கேல்ல போச்சு?"

"கூட்டத்தைத் திசை திருப்ப நைசுலாவுக்கு என் தொப்பியை மாட்டி அனுப்பினேன்."

நைசுலா அவர் மனைவி. இருபது வருடமாக ஆற்றங்கரைக்கு அவர் கூட்டிப்போகாத மனைவி.

அப்போதுதான் பச்சை ஜீப் வந்து நின்றது. கடைத்தெருவில் சேதி கேட்டிருந்த ஜெர்மானியர்கள் நேரே அவளிடம் ஓடினார்கள். "அடுத்த ஆகஸ்டு எங்களைக் கூட்டிட்டுப் போவீங்களா?"

"தாராளமா," என்ற நைசுலா கணவரைத் திரும்பிப் பார்த்தாள். "பின்சீட்ல இடமிருந்தா நீங்களும் வாங்க. பாவம், நீங்களும் பார்க்கலையே!"