ஆலயக் கதவுக்கு ஒரு பூட்டு

"நல்ல உறுதியான பூட்டா போடுடா" என்றார் போதகர்.

பூட்டுக்காரர் அவரோடு பள்ளியில் படித்தவர். "கடவுள் வீட்டுக்கே பூட்டா? உன் விசுவாசம் அவ்வளவுதானா?"

"கடவுளை நம்புறேன். சபையாரைத்தான் நம்ப முடியல. போன ஞாயிறு மட்டும் பன்னிரண்டு போச்சு. இப்படியே விட்டா ஆலயமே காலி."

"அடப்பாவிகளா!" பூட்டுக்காரர் கதவின் வெளிப்பக்கம் துளை போடப் போனார்.

போதகர் பதறிப்போய் கையைப் பிடித்தார். "அங்க இல்லடா, உள்பக்கம்! நான் பிரசங்கத்தை ஆரம்பிச்சதுமே ஒவ்வொருத்தரா நழுவுறாங்க."

பூட்டுக்காரர் பூட்டை உள்பக்கமே பொருத்தினார். இரண்டு சாவிகளில் ஒன்றைப் போதகரிடம் தந்துவிட்டு, மற்றதைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அது உனக்கு எதுக்குடா?"

"சிநேகிதன்தான், இல்லைங்கல. ஆனா ஞாயித்துக்கிழமை நானும் உள்ளதானே உக்காந்திருப்பேன்?"