மாதம் ஒரு படம்

பன்னிரண்டாவது படத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். கன்னம் உப்பியிருந்தது, தலைமுடி தோளில் புரண்டது, மஞ்சள் சட்டை உடம்புக்கு அளவெடுத்ததுபோல் இருந்தது.

"பாருடி, எப்படித் தேறிட்டா!" என்றாள் அம்மா, பிரேம் கடையின் ஒரே நாற்காலியில் உட்கார்ந்தபடி. ஒரு மணி நேரத்தில் இதைச் சொல்வது எட்டாவது தடவை.

கடைக்காரியான மகளுக்கு அது கேட்கக் கேட்கச் சலிக்கவில்லை. "ரெண்டு ஊசி போட்டதே போதும், இனிமே என்னை விட்டுடு" என்று மூன்று நாளாக ஒற்றைக்காலில் நின்ற அம்மா இவள். முடி கொட்டிய தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தவள், இன்றுதான் முகம் கொடுத்துப் பேசுகிறாள். நாளைக் காலை எட்டு மணிக்கு மூன்றாவது ஊசி. அம்மா தானாக வண்டியில் ஏறினால் போதும் என்று மகள் தவித்துக்கொண்டிருந்தாள்.

எல்லாம் அந்த மின்விசிறி செய்த வேலை. முந்தாநாள் ஒருவர் பன்னிரண்டு படங்களை உறையில் போட்டுக் கொண்டுவந்தார். "என் வீட்டுக்காரிய ஒரு வருஷம், மாசா மாசம் ஒண்ணாந்தேதி எடுத்தது. அதே ஜன்னல், அதே நாற்காலி, அதே சட்டை. வரிசை மாறாம ஒரே பிரேம்ல போட்டுக் குடுங்க" என்றார். அதற்குமேல் நின்று பேசவில்லை.

இன்று காலை வியர்க்கிறது என்று அம்மா விசிறியைக் கூட்ட, மேசையில் அடுக்கியிருந்த படங்கள் கடை முழுக்கப் பறந்தன. பின்பக்கத்தில் தேதியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. கடைக்காரி மூன்று முறை போன் செய்தாள்; அவர் எடுக்கவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்து நின்றுவிடுவார்.

"இதுக்குப் போய் போன் எதுக்குடி? சின்னப் பிள்ளைகூடச் சொல்லிடும்" என்று அம்மாதான் குனிந்து குனிந்து பொறுக்கி வரிசைப்படுத்தினாள். முதலில் மொட்டைத்தலையும் குழி விழுந்த கண்ணுமாக, சட்டைக்குள் ஆளே தொலைந்துபோன படம். பிறகு தலையில் ஒரு துணி, கையில் கொஞ்சம் சதை, காதோரம் கொஞ்சம் முடி. கடைசியில் அந்தச் சிரிப்பு.

கண்ணாடியைத் துடைக்கும்போது மகள் ஒன்றைக் கவனித்தாள். எல்லாப் படத்திலும் ஜன்னலோரம் நீலப் பெயிண்ட் டப்பாவில் ஒரு செடி. முதல் படத்தில் அது நாற்காலியில் இருப்பவளின் தோளை எட்டுகிறது. படத்துக்குப் படம் குறைந்து, கடைசிப் படத்தில் இரண்டே இலை.

"பொண்டாட்டியப் பாப்பானா, செடியப் பாப்பானா? பட்டுப்போச்சு, பாவம்" என்று அம்மா தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

மகள் அட்டையில் பசை தடவி ஒவ்வொன்றாக ஒட்டினாள். ஒட்டினால் ஒட்டியதுதான், பிய்த்தால் படம் கிழிந்துவிடும்.

ஐந்து மணிக்கு அவர் வந்தார். பிரேமைக் கையில் வாங்கி முதல் படத்தைப் பார்த்தார், கடைசிப் படத்தைப் பார்த்தார், மறுபடி முதல் படத்துக்கு வந்தார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

அம்மா முந்திக்கொண்டாள். "தம்பி, நான்தான் அடுக்கினேன். நாளைக்கு எனக்கு ஊசி. போகவே மாட்டேன்னு அடம்பிடிச்சிட்டிருந்தேன். உங்க வீட்டுக்காரியப் பாத்தப்புறம்தான் தெம்பு வந்துச்சு. இந்த நிலைமையில இருந்து இவளே எழுந்து வந்துட்டா, எனக்கென்ன கேடு?"

அவர் பார்வை அம்மாவின் தலைத்துண்டில் போய் நின்றது.

"இப்ப நல்லாயிருக்காளா தம்பி? ஒழுங்கா சாப்பிடறாளா?"

"ம்... நல்லா சாப்பிடறாம்மா."

"செடியத்தான் பட்டுப்போக விட்டுட்டீங்க!"

"ஆமாம்மா, கவனிக்காம விட்டுட்டேன்." அவர் சிரிக்கப் பார்த்தார், சரியாக வரவில்லை. "நாளைக்குக் கண்டிப்பா ஊசிக்குப் போங்கம்மா."

"போகாம? ஏழு மணிக்கே கிளம்பி வாசல்ல நிப்பேன்!"

பிரேம் கனம் என்பதால் கடைக்காரியே அதைத் தூக்கிக்கொண்டு அவருடைய கார் வரை போனாள். பின்கதவைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

இருக்கையில் அதே நீலப் பெயிண்ட் டப்பா, பக்கத்தில் அதைவிடப் பெரிய புதுத் தொட்டி ஒன்று. டப்பாவில் இருந்த செடி பச்சைப்பசேலென்று வளர்ந்து, காரின் கூரையை முட்டி வளைந்திருந்தது. ஒரு நாள்கூடத் தண்ணீர் தவறாத செடி என்று பார்த்தாலே தெரிந்தது.

அவள் பிரேமைத் திருப்பிப் பார்த்தாள். இரண்டு இலைச் செடியின் பக்கத்தில் அந்தச் சிரிப்பு. தோளுயரச் செடியின் பக்கத்தில் மொட்டைத்தலை.

"சார்... வரிசைய தலைகீழா ஒட்டிட்டேனா?"

அவர் பிரேமை வாங்கி, செடியில் இடிக்காமல் மெதுவாக உள்ளே வைத்தார். கடைக்குள் அம்மா யாரிடமோ போனில் உரக்கப் பேசுவது தெருவரை கேட்டது: "பயமா? எனக்கென்ன பயம்? நாளைக்குப் போறேன்!"

அவர் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினார்.

"அம்மாகிட்ட சொல்லிடாதீங்க."