மலைத்தண்ணி

மெர்லின் கேனைத் தலைகீழாகக் கவிழ்த்தாள். மலைத்தண்ணி குபுக் குபுக்கென்று சாக்கடையில் இறங்கியது.

போ. எவ பிடிச்சுக் குடுத்தாளோ அவ தலையிலயே போய் விழு.

புருசன் மகிழன் இப்போதுதான் ஜீப்பை நிறுத்திவிட்டு டீக்கடைக்குப் போனான். காலையில் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆளேற்றிக்கொண்டு மலைக்குப் போகிறவன், பொழுது சாயத்தான் உத்தமபாளையம் திரும்புவான். டீக்கடைப் பேச்சு லேசில் முடியாது. அதற்குள் கேனைக் காலி பண்ணி, வீட்டுப் போர் தண்ணியைப் பிடித்து நிரப்பி, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி வாசலில் வைத்துவிட வேண்டும். வந்ததும் அவனே தன் கையால் செடிக்கு ஊற்றுவான்.

ஒரு வாரமாக இதுதான் நடக்கிறது.

எல்லாம் அந்தச் செடியால் வந்த வினை.

மழை விட்ட கையோடு மலையிலிருந்து தொட்டியோடு தூக்கிக்கொண்டு வந்தான். முழங்கால் உயரம், பளபளவென்று பச்சை இலை. கந்தராஜனாம். மலையாளத்தில் அப்படித்தான் சொல்வாகளாம். பூத்தால் தெருவே மணக்குமாம். யார் கொடுத்தது என்று கேட்டாள்.

“தெரிஞ்சவுக” என்றான். எந்தத் தெரிஞ்சவுக என்று கேட்பதற்குள் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டான்.

வந்த மாசமே இலை மஞ்சளடித்தது. நரம்பு மட்டும் பச்சை, மற்றதெல்லாம் மஞ்சள். உரக்கடையில் கேட்டதற்கு, போர் தண்ணி இதுக்கு ஆகாது, அன்னபேதி உப்பு வாங்கிப் போட்டுப் பாருங்க என்றார்கள். மெர்லினும் பாவம் பார்த்துப் போட்டாள். முதல் பூவைத் தலையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆசைகூடப் பட்டாள்.

அப்புறம்தான் கேன் வர ஆரம்பித்தது. தினமும் ஒரு கேன் ஓடைத்தண்ணி. செடியும் கொஞ்சம் தெளிந்து வந்தது.

அவனே பிடித்து வருகிறான் என்றுதான் நினைத்திருந்தாள். ஒருநாள் கேனைக் கையில் எடுத்துப் பார்த்தாள். தேங்காய் நாரும் சாம்பலும் போட்டுத் தேய்த்தால்தான் பிளாஸ்டிக் அப்படி வெளுக்கும். மகிழனாவது கேன் தேய்க்கிறதாவது! தின்ற தட்டை ஒரு சாண் நகர்த்தி வைக்காத மகராசன். போதாததற்கு, தண்ணி சிந்தாமல் இருக்க மூடியைச் சுற்றி ஒரு கிழிசல் துணி இறுக்கிக் கட்டியிருந்தது. பிரித்துப் பார்த்தாள். சேலை முந்தி.

அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

ஈரமுடியை நுனியில் முடிச்சுப் போட்டு, நெற்றியில் சந்தனம் வைத்து, கேனோடு ரோட்டோரம் காத்து நிற்கிற மலையாளத்துக்காரி ஒருத்தியைத் தினமும் மனசுக்குள் பார்த்தாள். அவளிடம் இவன் பல்லைக் காட்டுவதையும் பார்த்தாள். அவன் சட்டையை எடுத்து மோந்தாள். ஏலக்காய் வாசம்தான் வந்தது. மலையே ஏலக்காய், இதில் எதைக் கண்டுபிடிக்க?

கேட்டுவிடலாம். கேட்டு, ஆமாம் என்றுவிட்டால்? இவனுக்காகப் பெத்த வீடு, மாதா கோயில், பழகிய தெரு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஒரு துணிப்பையோடு வந்தவள். ரெண்டு வருசமாக அங்கிட்டிருந்து ஒரு போன் இல்லை. இவனும் இல்லையென்றால் போய் நிற்க அவளுக்கு ஒரு வாசல் கிடையாது. அதனால் வாயை மூடிக்கொண்டு தண்ணியை மட்டும் கொட்டினாள்.

செடி மறுபடி மஞ்சளாகி இலை கொட்டியது. மகிழன் தொட்டிப் பக்கத்தில் குத்தவைத்து ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்தான். போன மாசம் இவள் காய்ச்சலில் கிடந்தபோது இப்படி ஒரு பார்வை பார்த்தானா? மாத்திரையை நீட்டிவிட்டு ஜீப்பை எடுத்தவன்தானே. சாகட்டும் சனியன்.

கேன் முக்கால்வாசி காலியானபோது பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

மகிழன் நின்றிருந்தான். செல்போனை மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான்.

மெர்லின் கேனை விடவில்லை. இன்றைக்கு ரெண்டில் ஒன்று பார்த்துவிடுவோம்.

“யாரு அவ?”

அவன் சாக்கடையைப் பார்த்தான். அவள் முகத்தைப் பார்த்தான்.

“ஒங்கம்மா. நீ வந்த மறுமாசமே ஊர்ல இருக்கப் பிடிக்காம தோட்ட வேலைக்கு மலையேறிட்டாக. செடி அவுக குடுத்ததுதான். எல மஞ்சளாப் போச்சுன்னு வாய் தவறிச் சொல்லிட்டேன். வாக்கப்பட்டுப் போன புள்ள வாசல்ல செடி பட்டுப்போனா ஊரு ஒரு வார்த்த பேசும்னு, முட்டிவலியோட ஓடைக்கு எறங்கித் தண்ணியத் தூக்கிட்டு வந்து நிக்கிறாக. அவகிட்ட மட்டும் சொல்லிராதீக மாப்ளன்னு சத்தியம் வாங்கிட்டாக.”

மெர்லின் சட்டென்று கேனை நிமிர்த்தினாள். அடியில் கொஞ்சம் கிடந்தது.

மகிழன் கையை நீட்டினான். அதையாவது செடிக்கு ஊற்றலாம் என்று நினைத்திருப்பான்.

அவள் கொடுக்கவில்லை. கேனை நெஞ்சோடு சேர்த்து அணைத்துக்கொண்டு, மஞ்சள் இலையோடு நின்ற கந்தராஜனை முறைத்தாள். எங்கம்மா கைத்தண்ணிய இத்தன நாள் நீதான குடிச்ச?

கேனைத் தூக்கி, அண்ணாந்து தன் வாயில் ஊற்றிக்கொண்டாள்.